ஜக்கரண்டா மேல் பழி போடாதீர்கள்

அக்டோபரில், தென்னாப்பிரிக்காவின் வசந்தத்தில், பிரிட்டோரியா தெருவெல்லாம் ஜக்கரண்டா மரத்தின் ஊதாப் பூ கொட்டிக் கிடக்கும். அதே வாரம் வீட்டுக்கு ஒருவர் தும்ம ஆரம்பிப்பார். பழி நேரே ஜக்கரண்டா தலையில் விழும். பாவம் அந்த மரம்! அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது; தேனீ சுமந்தால்தான் நகரும். நம்மைத் தும்ம வைப்பது காற்றில் மிதக்கும் பொடி மகரந்தம். ஆகஸ்ட், செப்டம்பரில் பிளேன், ஓக் மரங்கள். பிறகு ஏப்ரல் வரைக்கும் புல். ஹைவெல்டில், அதாவது நம் உள்நாட்டு மேட்டுச் சமவெளியில், பெரிய எதிரி புல்தான். வாசலில் இருக்கும் கிக்குயுப் புல்லைக் குனிந்து பாருங்கள். வெட்டிய சில நாளில், காலையில், மேலே வெள்ளை நூல் நூலாக நிற்கும். பனியல்ல, பூ.

இந்த மகரந்த அலர்ஜிக்கு மருந்தை எப்போது ஆரம்பிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். புல் ஆகாதவர்கள் காலண்டரைத் தேட வேண்டாம்: புரட்டாசி விரதத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் நாளிலேயே, மருத்துவரைக் கேட்டு, ஸ்ப்ரேயையும் எடுத்துவிடுங்கள். மரம் ஆகாதவர்களுக்கு ஆடியிலேயே வேலை வந்துவிடும்.

அடிக்கும் விதமும் முக்கியம். முதலில் மூக்கைச் சிந்துங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை. முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். இரு துவாரத்துக்கும் நடுவே உள்ள தண்டில் தினமும் பட்டால் அங்கே காய்ந்து ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சாதீர்கள். மருந்து தொண்டைக்குள் இறங்கி வாயெல்லாம் கசக்கும், மூக்குக்கு மிஞ்சாது.

ஸ்ப்ரேக்கு முன் மூக்கைக் கழுவினால் இன்னும் நல்லது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 250 மில்லி, அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பில்லாத வெறும் தண்ணீர் எரியும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடவே கூடாது.

அடைப்பு திறக்கும் சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பைத் திருப்பிக் கொண்டுவரும். தும்மல், கண் அரிப்புக்கு செட்ரிசின் வகை அலர்ஜி மாத்திரை கேட்கும். அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது.

துணியை இந்த மாதங்களில் வெளியே உலர்த்தாதீர்கள். படுக்கும் முன் தலைமுடியை அலசுங்கள், இல்லாவிட்டால் மகரந்தம் தலையணைக்கு வந்துவிடும். ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே சாம்பிராணி போடுவது இன்னொரு வம்பு. புகை அலர்ஜி அல்ல, ஆனால் ஏற்கெனவே வீங்கிய மூக்கைச் சீண்டும்.

இடிமழைக்குப் பிறகு மகரந்தம் வெடித்துத் துகளாகி நெஞ்சு வரை இறங்கும். அப்போது மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அது மூக்கு விவகாரம் இல்லை. அன்றே மருத்துவரிடம் போங்கள்.