கண் திறக்காத குட்டிகளும் மஸ்கெலியாக் குளிரும்

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் விடியற்காலை, கோழிக்கூட்டின் அடியில் ஏதோ கத்துகிறது என்று அம்மா என்னை எழுப்பினார். டோர்ச் அடித்துப் பார்த்தபோது, கிழிந்த உரப்பையொன்றின் மேல் மூன்று நாய்க்குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கண்கள் திறக்கவில்லை, காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன, தொப்புள்கொடி விழுந்த இடம் காய்ந்திருந்தது. அவற்றின் தாய், எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லாமல் லயத்துக்கே, அதாவது எங்கள் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே, சொந்தமாக இருந்த ஒரு செவலை நாய். முந்திய இரவு லயத்து நாய்கள் எல்லாம் ஒரே மூச்சாகக் குரைத்துச் சட்டென்று அடங்கியதையும், கானோரத்தில் இரத்தத் துளிகள் கிடந்ததையும் வைத்து, சிறுத்தை கொண்டுபோய்விட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இது புதிய செய்தியும் அல்ல.

நான் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியன். டிசம்பர் விடுமுறையாக இருந்ததால்தான் இந்தக் காரியத்தில் இறங்க முடிந்தது. இறங்கிய முதல் நாளிலேயே செய்த பிழையால் ஒரு குட்டி இறந்துபோனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குட்டிகள் பசியில் கத்துகின்றன என்று நான் முடிவு செய்துகொண்டேன். மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மாமியிடம் பால் வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, கடையில் வாங்கிய சூப்பிப் போத்தலில் ஊற்றி, கைக்குழந்தையை மடியில் போடுவதுபோல் ஒவ்வொரு குட்டியையும் மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினேன். இரண்டு குட்டிகள் கொஞ்சம் உறிஞ்சின. மூன்றாவது, மூன்றிலும் சிறியது, உறிஞ்சவே இல்லை. உறிஞ்சாத வாயில் நான் போத்தலை அமுக்கினேன். அதன் மூக்கிலிருந்து பால் குமிழியிட்டு வந்தது. துணியால் துடைத்துவிட்டு, குடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் அதன் மூச்சில் ஒரு கரகரப்பு கேட்டது. மறுநாள் காலை அது விறைத்துக் கிடந்தது. மற்ற இரண்டுக்கும் வயிற்றோட்டம். அவற்றை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே என்னைப் பார்த்த மிருக வைத்தியர் பாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "குட்டியின் வாய்க்குள்ளே சுண்டுவிரலை வைத்துப் பாருங்க சேர்" என்றார். வைத்தேன். விடியற்காலையில் பீலித் தண்ணீரில் கையை நீட்டியதுபோல் இருந்தது. வெப்பமானி 34 பாகையைத் தொடவில்லை. பிறந்து முதல் இரண்டு வாரங்களுக்கு நாய்க்குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதையும், குளிரில் நடுங்கும் திறன்கூட அதற்கு இன்னும் வந்திருக்காது என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். முதல் வாரத்துக் குட்டியின் உடற்சூடு 35க்கும் 37க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் குடல் அசைவது நின்றுவிடும். உறிஞ்சும் உணர்வும் போய்விடும். அந்த நிலையில் கொடுக்கும் பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நான் தூக்கிய அந்தச் சிறிய குட்டிக்கு வேண்டியிருந்தது பால் அல்ல, சூடு.

சூட்டையும் அவசரப்பட்டுக் கொடுக்கக் கூடாதாம். குளிர்ந்த குட்டியை அடுப்பருகே கொண்டுபோய் ஒரேயடியாகச் சூடாக்கினால் அதுவும் ஆபத்து. ஒன்று இரண்டு மணித்தியாலங்கள் எடுத்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வைத்தியர் இரண்டு குட்டிகளையும் என் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு சேர்த்து வைக்கச் சொன்னார்; ஈறில் சீனித் தண்ணீர் ஒரு துளி தடவினார். வெப்பமானி 36ஐக் காட்டிய பிறகே முதற் துளி பால் உள்ளே போனது. அதுவரை ஒன்றரை மணித்தியாலம் அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சூட்டுக்கு வழி செய்ததுதான் பெரும் பாடு. முதல் வாரத்தில் குட்டி படுத்திருக்கும் இடம் 29 முதல் 32 பாகை வரை இருக்க வேண்டும் என்றார் வைத்தியர். மார்கழி இரவில் எங்கள் லயக்காம்பராவுக்குள் அதில் பாதிகூட இருக்காது. மிலாறு (வெட்டிய தேயிலைச் செடியின் விறகு) எரியும் அடுப்பங்கரைதான் வீட்டிலேயே சூடான இடம், ஆனால் அந்தப் புகையில் குட்டிகளை வைக்க மனம் வரவில்லை. கடைசியில், அம்மா கொழுந்து பறிக்கப் போன காலத்தில் மழைக்குப் போர்த்திய பழைய கம்பளியைப் பெட்டியின் பாதிக்கு விரித்து, அதற்கடியில் வெந்நீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் துணி சுற்றி வைத்தோம். மறுபாதியை வெறுமனே விட்டோம், சூடு கூடினால் குட்டிகள் நகர்ந்து போவதற்காக. இந்த மறுபாதி மிக முக்கியம். குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு முனகினால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் கால் நீட்டிக் கிடந்தால் சூடு கூடிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் அமைதியாகத் தூங்கினால் சரியாக இருக்கிறது. இரண்டு நாட்களில் வெப்பமானி இல்லாமலே இதைப் படிக்கப் பழகிவிட்டோம். போத்தல் மூன்று மணித்தியாலத்தில் ஆறிவிடும். ஆறிய போத்தல் குட்டியின் சூட்டையே உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் வெந்நீரை மாற்றினோம்.

இனிப் பால். மாட்டுப்பாலில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் புரதமும் கொழுப்பும் நாயின் பாலில் உண்டு. பாலில் இருக்கும் சர்க்கரையான லக்டோஸோ மாட்டுப்பாலில்தான் கூடுதல். ஆகவே மாட்டுப்பால் குட்டிக்குப் போதாது, வயிற்றையும் கலக்கிவிடும். அதில் தண்ணீரும் கலந்து கொடுத்த என்னைப் போன்றவர்கள் அதைப் பட்டினி போடுகிறார்கள். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மா கண்டியிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பதால், அதுவரைக்கும் மட்டும் என்று சொல்லி வைத்தியர் ஒரு கலவை எழுதித் தந்தார்: தண்ணீர் சேர்க்காத கொழுப்புள்ள பால் ஒரு கப், முட்டை மஞ்சட்கரு மூன்று, மரக்கறி எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. வெள்ளைக்கரு சேரவே கூடாது. பால்மா வந்த பிறகு அதற்கு மாறினோம். மணிக்கட்டில் ஒரு துளி விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கிற பதத்தில் கொடுத்தோம்.

அளவு, நிறையைப் பொறுத்தது. 100 கிராம் நிறைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 மில்லிலீற்றர். ஆனால் ஒரே தடவையில் 100 கிராமுக்கு 4 மில்லிலீற்றருக்கு மேல் வயிறு தாங்காது. 310 கிராம் இருந்த பெரிய குட்டிக்கு நாளொன்றுக்கு 60 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் என்று கணக்கு வந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாக எட்டுத் தடவை பிரித்தால், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 8 மில்லிலீற்றர். அது ஒரு சிறிய ஊசிக்குழாய் அளவுதான். முதல் நாள் நான் போத்தல் போத்தலாகக் கலக்கி வைத்திருந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பிடிக்கும் முறையையும் வைத்தியர் என் கையைப் பிடித்துக் காட்டினார். குட்டி தன் தாயிடம் எப்படிக் குடிக்குமோ அப்படியே, வயிறு கீழே, தலை சற்றே உயர, முன்னங்கால்கள் எதையாவது பிசையும்படி இருக்க வேண்டும். நாங்கள் ஒரு துவாயைச் சுருட்டி வைத்தோம். பால் குடிக்கும்போது குட்டி அந்தத் துவாயை இரண்டு கைகளாலும் மாறி மாறி அமுக்கும். நாக்கு முலைக்காம்பைச் சுற்றி ஓலைபோல் மடிந்துகொள்ளும். வால் நேராக விறைத்து நிற்கும். அந்த வால் தளர்ந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று அம்மா கண்டுபிடித்தார். வைத்தியர் சொல்லாத இந்தக் குறிப்பு எங்கள் இரண்டு குட்டிகளிலும் ஒருநாளும் பிழைத்ததில்லை. போத்தலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது, அந்தக் காம்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்கத் தெரியாது என்பது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. தாய் நக்கிவிட்டால்தான் போகும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த கையோடு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்ல வருடிவிட வேண்டும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் நல்லது. நிறம் கடுத்தால் உடம்பில் நீர் போதவில்லை. மலம் கடுகரைத்ததுபோல் மஞ்சளாக, ஓரளவு இறுகி வர வேண்டும். நான்காம் நாள் அது பச்சையாகவும் தண்ணீராகவும் வந்தபோது பயந்துபோய் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அளவைக் கூட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

நிறை பார்ப்பதற்கு ஒரு தராசு வேண்டியிருந்தது. தோட்டத்தில் தராசுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கொழுந்து நிறுக்கும் தராசு 10 கிராம் வித்தியாசத்தையெல்லாம் மதிக்காது. ஆகவே ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போவேன். கடை முதலாளி சீனி நிறுக்கும் மின்தராசின் மேல் பத்திரிகைத் தாளை விரித்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, குட்டியை வைத்து, "சேர், முந்நூற்றுப் பதினெட்டு" என்று மஞ்சள் நிறுப்பவர் குரலிலேயே சொல்வார். பிறகு தராசை டெட்டோல் போட்டுத் துடைப்பேன். அது எங்களுக்குள் ஒப்பந்தம். நாளொன்றுக்கு 5 முதல் 10 வீதம் கூட வேண்டும். ஒரு நாள் கூடாவிட்டால் கவனிக்க வேண்டும், குறைந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். குட்டி சாப்பாட்டை விட்டுச் சோர்ந்து விழுவதற்கு முன்பே தராசு அதைச் சொல்லிவிடுகிறது.

இரவுப் பால் பதினொரு மணிக்கு, இரண்டு மணிக்கு, ஐந்து மணிக்கு. பதினொரு மணியையும் ஐந்து மணியையும் அம்மா எடுத்துக்கொண்டார். இரண்டு மணி எனது. சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டிருந்ததால், அந்த நேரத்தில் நல்லதண்ணிப் பக்கம் போகும் பஸ்களின் இரைச்சல் கீழே கேட்கும். வாசலுக்கு வந்தால் மலையேறும் படிகளின் விளக்குகள் கோடிழுத்ததுபோல் தெரியும். அம்மாவின் முறை முடியும்போது கோயிலில் மார்கழி பஜனை தொடங்கும். ஒருநாள் அவர் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே, தான் மலையிலிருந்து நேரம் கேட்டு இறங்கி ஓடிவந்து, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) இருந்த எனக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடிய நாட்களைச் சொன்னார். "இதுக்கு மூணு மணிக்கொருக்கா கெடைக்குது. ஒனக்கு அதுவும் கெடைக்கல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தெள்ளுத் தொல்லைக்கு மண்ணெண்ணெய் பூசச் சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த வயதில் வைத்தியரைக் கேட்காமல் எந்த மருந்தும் பூசக் கூடாது, குளிப்பாட்டவும் கூடாது. பேன் சீப்பால் வாரி, சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் கொல்வதுதான் வழி. தெள்ளைச் சிறு விடயமாக விட்டுவிடவும் முடியாது. முந்நூறு கிராம் உடம்பில் அவை உறிஞ்சும் இரத்தமே உயிரைப் போக்கிவிடும்.

பதின்மூன்றாம் நாளளவில் கண்கள் திறந்தன, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில். இரண்டாம் வாரம் முடிந்ததும் பூச்சி மருந்து, நிறைக்கேற்ற அளவில். பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கொரு தடவை. வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும் என்பதாலும், அதன் முட்டைகள் மனிதருக்கும் ஆகாது என்பதாலும், பார்க்க வந்த லயத்துப் பிள்ளைகளைக் கை கழுவாமல் போகவிடவில்லை.

நான்காம் வாரத்தில் பால்மாவில் குழைத்த சோறும், உப்பில்லாமல் அவித்து மசித்த கோழி ஈரலும் தட்டையான தட்டில் வைத்தோம். இரண்டும் தட்டுக்குள்ளேயே ஏறி நின்று, காலை நக்கிச் சாப்பிடப் பழகின. கறிச்சட்டியில் மிஞ்சியதைப் போடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. தைப்பொங்கலன்று மாமி பாசத்தோடு ஒரு கரண்டி பொங்கலை நீட்டியபோது அம்மா கையைத் தடுத்துவிட்டார். நாங்கள் பிளம்ஸ் என்று சொல்லும் முந்திரிகை வற்றல் அதில் இருந்தது. அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. மாமிக்கு இரண்டு நாள் மனத்தாங்கல்.

ஆறாம் வாரத்தில் முதற் தடுப்பூசி போட்டோம். இரத்தக் கழிச்சலாக வரும் பார்வோ நோய் இங்கே குட்டிகளைக் கூட்டமாகக் கொண்டுபோகும் என்பதால், பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கொரு தடவை போட வேண்டிய மற்ற ஊசிகளின் திகதிகளை நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன். விசர்நாய்த் தடுப்பூசி தனியாக உண்டு.

எட்டு வாரம் முடிந்த பிறகே பெட்டையை மாமி வீட்டுக்குக் கொடுத்தோம். ஆண் குட்டி எங்களிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு இரண்டு வீட்டிலும் குட்டிகளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். போன கிழமை கடைக்குக் கொண்டுபோனபோது அது தராசிலிருந்து குதித்துச் சீனி மூட்டையின் மேல் ஏறிவிட்டது. "இனி இவரைக் கொழுந்துத் தராசுக்குக் கொண்டுபோங்க சேர்" என்று சொல்லி முதலாளி பத்திரிகைத் தாளைச் சுருட்டி எறிந்தார்.