நான்கு கிளிக்

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் இன்று காலை ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தை வாங்கினேன். எனக்கு வேண்டியது அதற்குள் இருந்த பட்டை ஸ்பிரிங் மட்டுமே.

எங்கள் நாடகக் குழுவிடம் இருக்கும், சுட இயலாத கோல்ட் (Colt) 1873 ரிவால்வர் நகலில், குதிரையை (பின்புறம் கட்டைவிரலால் இழுக்கும் சுத்தியல் பாகம்) பின்னுக்கு இழுக்கும்போது குண்டு வைக்கும் உருளையைத் தள்ளிச் சுழற்றும் கொக்கியின் மெல்லிய ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது. இந்த வகையில் அடிக்கடி ஒடிவது பட்டை ஸ்பிரிங்தான். 1953-இல் ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனம் தன் ரிவால்வரில் சுருள் ஸ்பிரிங்குகளை வைத்ததும் அதனால்தான்.

இணையத்தில் வாங்கிய பாகம் பொருந்தவில்லை. நகல் ஒவ்வொன்றுக்கும் அளவு சற்று மாறுவதால், பாகத்தைத் தேடுவதைவிட அதைப் பொருத்துவதே பெரிய வேலை.

பூட்டு பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், கடிகார ஸ்பிரிங்கில் விரல்நீளம் வெட்டி, சாணைக்கல்லில் தேய்ப்பதும் தண்ணீரில் நனைப்பதுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப சூடேறிட்டா விறைப்பு போயிடும் தம்பி" என்றார்.

அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

மாலை ஒத்திகையில் குதிரையை மெல்ல இழுத்தபோது, அசலில் கேட்கும் அந்த நான்கு கிளிக் ஒலிகளும் வரிசை தவறாமல் கேட்டன. உருளையும் தன் இடத்தில் வந்து நின்றது.