பையனுக்கு இரண்டாவது கேத்: எக்ஸ்ரே அளவைப் பற்றி நாங்கள் கேட்டதும் கிடைத்த பதிலும்

எங்கள் பையனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. டாக்டர்கள் 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஹார்ட்ல ஓட்டை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒரு வயது வாக்கில் ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு முன்னாலேயே ஒரு கேத் (ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை மெல்லிய குழாய் விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்பது), ஒரு சிடி ஸ்கேன் ஆஞ்சியோ எல்லாம் எடுத்தாகிவிட்டது. நாலு வயது நெருங்கும்போது எக்கோவில் (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன், இதில் எக்ஸ்ரே இல்லை) இதயத்தின் வலது கீழறையில் அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது. இடது நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டு வருகிறது, தொடை வழியாக கேத்தெட்டர் விட்டு பலூனால் விரிக்க வேண்டும், தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்றார்கள். ஸ்டென்ட் வைத்தால் பையன் வளர வளர அதையும் பெரிதாக்கிக்கொண்டே வர வேண்டுமாம். ஆக இது இந்த ஒரு தடவையோடு முடிகிற விஷயம் இல்லை. இந்தப் பிள்ளை உடம்பில் மொத்தம் எவ்வளவு எக்ஸ்ரே ஏறும் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது.

முதலில் பார்த்த இடத்தில் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் கம்மிதாம்மா, பயப்படாதீங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். எவ்வளவு கம்மி, எதை வைத்துக் கம்மி என்று கேட்க இடமே தரவில்லை. கையில் கோப்போடு பெரம்பூருக்குத் திரும்பி வந்து இரண்டாவது கருத்து கேட்கலாம் என்று முடிவு செய்தோம். அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் கேட்டதற்குப் பதில் வேண்டுமே.

இரண்டாவதாகப் பார்த்த குழந்தைகள் இதய மருத்துவர் பேனாவை எடுத்து, எங்கள் எக்கோ ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே வரைந்து காட்டினார். குழந்தைகளுக்குச் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, கதிர் பட்ட பிறகு அவர்கள் வாழப்போகும் வருஷங்களும் அதிகம். அதனால் பெரியவர்களைவிட அவர்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும் என்றார். புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடும், ஆனால் அந்தக் கூடுதல் மிகச் சிறியது. குழாயை விரிக்காமல் விட்டால் இடது நுரையீரல் சரியாக வளராமல் போகும், வலது கீழறை களைத்துவிடும். இதையும் அதையும் தராசில் வைத்துப் பார்த்தால் கேத் செய்யத்தான் வேண்டும், ஆனால் கதிரைத் தேவைக்கு மேல் ஒரு துளியும் விடக்கூடாது. இதற்கு அவர்கள் துறையில் 'அலாரா' என்று ஒரு கொள்கையே இருக்கிறதாம். நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது.

கேத் லேபில் வேலை செய்பவர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பில் ஏறும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அவர்கள் மேல் பட்ட கதிரைப் பதிந்துவைக்க சட்டையில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளக்கிறார்கள். நோயாளிக்கு மட்டும் அப்படி வரம்பு கிடையாது. சிகிச்சையால் கிடைக்கும் பலனைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால்தான் கேட்கிற பெற்றோர் வேண்டும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

என் மாமியார் ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம். "எங்க ஊரு மண்ணுலயே கதிர் இருக்குன்னு சொல்லுவாங்க, நாங்க எல்லாம் நல்லாத்தான இருக்கோம்" என்று அவர் ஒரு வாதம் வைத்தார். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பதும், அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பதும் உண்மைதான். உலக சராசரி ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட். ஒரு கேத் என்றால் பல சமயம் சில மில்லிசீவெர்ட் வரும், சிக்கலான கேஸ் என்றால் இன்னும் கூடும். அத்தை சொன்னதில் ஆறுதல் இருந்தது. கேள்வி கேட்பதை நிறுத்த மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

எப்படிக் குறைப்பீர்கள் என்று டாக்டரிடம் நேராகக் கேட்டேன். நான் எதிர்பார்த்தது ஈய ஏப்ரன். பையன் மேல் ஒன்று போர்த்திவிடுங்களேன் என்றேன். அது பெரும்பாலும் உதவாது என்றார். உடம்புக்குள் சிதறும் கதிரை மேலே போர்த்தும் ஈயம் தடுக்காது. அதன் ஓரம் படத்துக்குள் வந்துவிட்டால் இன்னும் மோசம். படம் இருட்டாக இருக்கிறதே என்று மெஷின் தானாகவே கதிரை ஏற்றிவிடும். நல்லது செய்யப் போய் வினையாக முடியும்.

உண்மையில் அளவை முடிவு செய்வது டாக்டரின் கால்தான். கேத் டேபிளுக்குக் கீழே ஒரு பெடல் இருக்கிறது, அதை அழுத்தினால்தான் எக்ஸ்ரே வரும். உள்ளே விட்ட வயர் நகராத நேரத்தில், பேசும் நேரத்தில் காலை எடுத்துவிட வேண்டும். கடைசியாக வந்த படம் திரையில் அப்படியே நிற்கும், அதைப் பார்த்தே பேசலாம். அடுத்தது ஃப்ரேம் வேகம். ஒரு வினாடிக்கு 15 படம் எடுக்கும் இடத்தில் 7.5 வைத்தால் கதிர் கணிசமாகக் குறையும். படம் கொஞ்சம் விட்டுவிட்டு ஓடும், பழகிய கண்ணுக்கு அது போதும். 'சினி' என்று தெளிவாகப் பதிவு செய்யும் முறையில் ஒரு படத்துக்குக் கதிர், பெடலை அழுத்தும்போது நேரலையாக ஓடும் சாதாரண எக்ஸ்ரே படத்தை (ஃப்ளூரோ) விடப் பல மடங்கு. அதனால் முக்கியமான ஓரிரு இடங்களில் மட்டும் சினி, மற்றதற்கு ஃப்ளூரோ படத்தையே சேமித்துக்கொள்வார்கள். தேவையான இடம் மட்டும் தெரியும்படி சுற்றிலும் ஷட்டரை இழுத்துவிடுவது, மேலே இருக்கும் டிடெக்டரை நெஞ்சுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவருவது, அவசியமில்லாமல் படத்தை ஜூம் செய்யாமல் இருப்பது, இவையெல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

இன்னொரு சங்கதி எனக்குப் புதுசு. டிடெக்டருக்கு முன்னால் 'கிரிட்' என்று சல்லடை மாதிரி ஒரு தகடு இருக்குமாம். பெரிய உடம்பில் சிதறும் கதிரை வடிகட்டிப் படத்தைத் தெளிவாக்க அது தேவை. ஆனால் அது உபயோகமான கதிரிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடுவதால் மெஷின் அதை ஈடுகட்ட அளவை ஏற்றும். சின்ன உடம்பில் சிதறல் குறைவு, தகட்டைக் கழற்றிவிடலாம். எங்கள் பையனுக்குக் கழற்றுவோம் என்றார். இந்த ஒரு பதிலில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பெரியவர்களுக்கான செட்டிங்கில் குழந்தையைப் படுக்க வைக்கும் ஆள் இவர் இல்லை.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பழைய கேத் படங்களைப் பதிந்து கொடுக்கும் சிடி டிஸ்க். குழாய்களின் வடிவம் முன்கூட்டியே தெரிந்தால் உள்ளே போய்த் தேடும் நேரம் மிச்சம், எடுத்த படத்தையே திரும்ப எடுக்கவும் வேண்டாம். பழைய இடத்தில் அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரெக்கார்ட்ஸ் செக்‌ஷனில் "சிஸ்டம்ல இல்ல", அடுத்த வாரம் போனால் "எழுதிக் கொடுங்க", எழுதிக் கொடுத்தால் "டாக்டர் கையெழுத்து வேணும்". கடைசியில் கொடுத்தார்கள், கவரில் பெயர் தப்பாக எழுதி. எங்கள் லேப்டாப்பில் அது திறக்கவே இல்லை, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில்தான் திறந்தது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே சிடியையும் கையில் வாங்கிவிடுங்கள் என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அனுமதிக்குக் கவுன்டரில் உட்கார்ந்தது தனிக் கதை, விட்டுவிடலாம்.

கேத் அன்று விடிகாலையிலிருந்து பையனுக்குச் சாப்பாடு கிடையாது. மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை. பக்கத்துப் படுக்கைக்கு இட்லி வந்ததும் அழ ஆரம்பித்தவனை என் வீட்டுக்காரர் வராந்தாவில் தூக்கிக்கொண்டு நடந்தார். உள்ளே கூட்டிப்போகும்போது டெக்னீஷியன் தம்பியிடம் மறுபடி ஒருமுறை, "கிரிட் எடுத்தாச்சாப்பா?" என்றேன். "எடுத்தாச்சும்மா, ஃப்ரேமும் கம்மி பண்ணியாச்சு" என்றார். அவர் முகத்தில் சலிப்பு எதுவும் இல்லை.

பலூனே போதுமானதாக இருந்தது. ஸ்டென்ட்டைக் கொஞ்சம் பெரியவனான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அன்று சாயங்காலம் வரை வலது காலை மடக்காமல் வைத்திருப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. போனில் கார்ட்டூன் ஓடவில்லை என்றால் முடிந்திருக்காது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கதிர் அளவு இல்லை. கேட்டதும் கேத் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் மூன்று எண்கள் இருக்கும்: ஃப்ளூரோ ஓடிய நேரம், ஏர் கெர்மா, டிஏபி. நிமிடக் கணக்கை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஒரே நிமிடத்தில் எவ்வளவு கதிர் என்பது செட்டிங்கைப் பொறுத்து மாறும். ஏர் கெர்மா என்பது ஏறக்குறைய தோல் வரை வந்து சேரும் கதிரின் அளவு, மில்லிகிரே என்ற அலகில் இருக்கும். தோல் சிவப்பது போன்ற பாதிப்பெல்லாம் தோலில் சுமார் 2,000 மில்லிகிரே படும்போதுதான் தொடங்கும், பையனுடையது அதற்கு எவ்வளவோ கீழே என்று டாக்டர் காட்டினார். டிஏபி என்பது எவ்வளவு பரப்பில் கதிர் பட்டது என்பதையும் சேர்த்த கணக்கு. ஷட்டரை இறுக்கினால் குறைவது இதுதான். பழைய கேத்தின் ரிப்போர்ட்டில் நிமிடம் மட்டும்தான் போட்டிருந்தது, அதனால் இரண்டையும் ஒப்பிட வழியில்லை. இனி வருவதையாவது ஒப்பிடலாம் என்று தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்து, இரண்டு நுரையீரலுக்கும் ரத்தம் எப்படிப் பிரிந்து போகிறது என்று பார்க்க பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். அதிலும் கதிர் உண்டு. இப்போதே வேண்டுமா என்று கேட்டேன். முதலில் எக்கோவில் வலது கீழறை அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம், இறங்கியிருந்தால் ஸ்கேனைத் தள்ளிப் போடலாம் என்றார் டாக்டர். எக்கோவுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது, பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு.