பின்னால் நிற்க வேண்டியது எது?

அமெரிக்காவில் சான் ஹோசே பக்கம் சனிக்கிழமை காலையில் எந்த சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரியே, பெரிய பந்தோடு சின்ன மைதானத்தில் ஆடுவது) மைதானத்துக்குப் போனாலும் ஒரு சத்தம் கட்டாயம் காதில் விழும்: "ஸ்டே பேக்! ஸ்டே பேக்!" பேட்டைப் பிடித்து நிற்கும் பிள்ளைக்கு வேலிக்கு வெளியே இருந்து அப்பாக்கள் கத்திச் சொல்வது. பின்காலிலேயே நில்லு, முன்னால் பாயாதே என்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டுப் பின்காலில் ஆணியடித்த மாதிரி நின்றுவிடும் பிள்ளைகளை வாராவாரம் பார்ப்பதால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நான் பிசியோதெரபிஸ்ட். கோயம்புத்தூரில் படித்தேன், இங்கே வேலை. அடுத்தவர்களின் முழங்காலையும் இடுப்பையும் பார்ப்பதிலேயே என் நாள் போகிறது. மகள் 12 வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஆடுகிறாள். அதனால் மைதானத்திலும் என் கண் பந்தை விட்டுவிட்டுக் கால்களுக்குத்தான் போகும்.

இந்த வயதுப் பிரிவில் பந்தை வீசும் பிட்ச்சருக்கும், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 40 அடி. பெரிய பெண்கள் ஆடும்போது 43 அடி. பேஸ்பாலில் இது 60 அடி 6 அங்குலம். தூரம் இவ்வளவு குறைவு என்பதால் மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் சாஃப்ட்பாலுக்கு அரை நொடிகூடக் கிடைக்காது. பந்தைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு உடம்பை நகர்த்தலாம் என்றால் பந்து பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்ச்சரின் கையில் இருக்கும். பிட்ச்சரின் கை சுற்றி வரும்போதே பேட்டரின் உடம்பும் கிளம்பிவிட வேண்டும்.

பேட்டர் பக்கவாட்டில் நிற்பதால் பிட்ச்சருக்குப் பக்கத்தில் இருப்பது முன்கால்; வலக்கை ஆட்டக்காரி என்றால் அது இடதுகால். முதலில் பாரம் பின்காலுக்குப் போகிறது. பாதத்தின் உள்விளிம்பும் தொடையின் உட்பக்கமும் அதைத் தாங்க வேண்டும். பின் முழங்கால் பாதத்தைத் தாண்டி வெளியே சாய்ந்துவிட்டால் அங்கிருந்து திரும்பி வருவதற்கே நேரம் போய்விடும். அடுத்து இடுப்பு பிட்ச்சரை நோக்கி நகர, அதன் பின்னாலேயே முன்கால் ஒரு சின்ன எட்டு வைக்கிறது. விரல் பக்கம் முதலில் தரையைத் தொடும், குதிகால் பிறகு இறங்கும். குதிகால் ஊன்றியதும் மடங்கியிருந்த முன் முழங்கால் நிமிர்ந்து, வந்துகொண்டிருக்கும் உடம்பைத் தடுக்கிறது. பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் கால் நின்றுவிடும், மேலுடம்பு மட்டும் பிய்த்துக்கொண்டு போகும் அல்லவா, அதுதான் இங்கேயும். நேராக வந்த வேகம் சுழற்சியாக மாறுகிறது. இடுப்பு முதலில், அப்புறம் மார்பு, தோள், கை, கடைசியாக பேட். அந்த நேரத்தில் முன்கால் தரையை அழுத்தும் விசை ஆளின் சொந்த எடையையே தாண்டிவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

பாரமே முன்னால் போகாத பிள்ளைக்கு இந்த பிரேக் எங்கிருந்து கிடைக்கும்? கை பலத்தை மட்டும் வைத்து அடிப்பாள். பின் தோள் தொங்கும், பந்து வானத்துக்குப் போய்ச் சுலபமான கேட்சாக இறங்கும். இதோடு இன்னொரு பழைய பாடமும் உண்டு: பின்காலைத் திருகிப் பூச்சியை நசுக்கு என்பார்கள். நசுக்குகிற அளவுக்குப் பின்காலில் பாரம் மிச்சம் இருக்கிறது என்றால், அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் பந்தைத் தொடும் கணத்தில் எடுத்த படங்களைப் பாருங்கள். பின்காலின் நுனி மட்டும் தரையை உரசிக்கொண்டிருக்கும். சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஃபிராங்க் தாமஸுக்குப் பின்கால் தரையை விட்டே எழும்பிவிடும். 521 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அடித்தவர்.

அமெரிக்காவில் இது பழைய சண்டை. 1941-இல் .406 சராசரி (பத்து வாய்ப்பில் நாலு முறை வெற்றிகரமாக அடிக்கும் கணக்கு) வைத்த பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ், இடுப்பைச் சுழற்றுவதுதான் எல்லாம் என்றார். சார்லி லாவ் என்ற பயிற்சியாளர், பின்காலிலிருந்து முன்காலுக்குப் பாரத்தைக் கொண்டுபோவதே அடிப்படை என்றார். அவர் மாணவர் ஜார்ஜ் பிரெட் 1980-இல் .390 அடித்தார். இரண்டு கட்சிக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறது. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே வீச்சில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவைதான். நகர்ந்து வந்தால்தான் தடுக்க முடியும், தடுத்தால்தான் சுழலும்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜப்பானின் பேஸ்பால் ஆட்டக்காரர் சதாஹரு ஓ. யோமியூரி ஜயன்ட்ஸ் அணிக்கு வந்து முதல் மூன்று வருடம் சொல்லும்படியாக எதுவும் அமையவில்லை. 1962-இல் பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவாவோடு சேர்ந்து ஒற்றைக்கால் நிலைக்கு மாறினார். இடக்கை ஆட்டக்காரர், அதனால் வலது முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, முழு உடம்பையும் இடதுகாலில் தாங்கிக்கொண்டு பந்துக்குக் காத்திருப்பார். இதற்காக அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பழகினார். தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டிப் பழகினார். அந்த வருடமே 38 ஹோம் ரன். 1980-இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 868. ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். கிளினிக்கில் ஆரோக்கியமான இளைஞர்களே கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவார்கள். அந்த நிலையிலிருந்து சரியான நொடியில் முன்னால் விழுந்து, விழுந்ததை நிறுத்தி, அந்த விசையைப் பந்துக்குக் கொடுப்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

அதே ஜப்பானிலிருந்து வந்த ஷோஹெய் ஒதானி நேர்மாறாகச் செய்தார். 2018-இல் அமெரிக்கா வந்தபோது வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் திணறினார். காலைத் தூக்குவதை விட்டுவிட்டு, விரல் நுனி தரையில் இருக்கக் குதிகாலை மட்டும் அசைத்து அடிக்க ஆரம்பித்தார். அந்த வருடம் 22 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் என்ற விருது. காலை எவ்வளவு தூக்குகிறோம் என்பது அவரவர் உடம்பையும் நேரக்கணக்கையும் பொறுத்தது. முன்கால் ஊன்றிய பிறகு தலை மேலும் முன்னால் போகக்கூடாது, இதில் மட்டும் எல்லாரும் ஒன்று.

"ஸ்டே பேக்" என்பதில் இருக்கும் நியாயமும் இங்கேதான். சேஞ்ச்-அப் வரும்போது பாருங்கள். பிட்ச்சரின் கை அதே வேகத்தில்தான் சுற்றும், பந்து மட்டும் மெதுவாக வரும். பாரம், தலை, கை மூன்றையும் சேர்த்து முன்னால் எறிந்துவிட்ட பிள்ளை குனிந்து காற்றைத்தான் அடிப்பாள். பாரம் மட்டும் முன்காலுக்கு வந்து, கை இன்னும் பின் தோளருகே காத்திருந்தால் அந்தப் பந்தையும் அடிக்கலாம். மகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: "நீ போ கண்ணு, கை இருக்கட்டும்." ஓடிக்கொண்டே தட்டிவிடும் இடக்கை ஸ்லாப்பர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் விஷயமே வேறு.

அணியில் ஒரு பெண்ணுக்குப் போன சீசனில் முழங்கையில் பந்து பட்டது. அதிலிருந்து முன்கால் பிட்ச்சரை நோக்கிப் போகாமல் மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பந்தை விட்டு விலகி, ஒதுங்குகிறது. பாரம் பக்கவாட்டில் போனபின் வெளிப்பக்கப் பந்து அவளுக்கு எட்டுவதே இல்லை. இது நுட்பக் குறை இல்லை, பயம். வலித்த இடத்தை உடம்பு காப்பாற்றப் பார்க்கிறது. அவளைப் பார்த்துக் கத்துவதால் அந்தக் கால் இன்னும் ஒதுங்கத்தான் செய்யும். நாங்கள் டென்னிஸ் பந்தைக் கீழ்க்கையால் மெதுவாகப் போட்டு ஆரம்பித்தோம். எட்டு வைத்ததும் அப்படியே நிற்கச் சொல்வேன். அந்த நிலையில் எந்தக் காலைத் தூக்கச் சொன்னாலும் விழாமல் தூக்க முடிந்தால் நல்லது. டென்னிஸ் பந்துக்கு இப்போது அவள் கால் நேராகப் போகிறது. நிஜப் பந்துக்கு இன்னும் கொஞ்சம் விலகுகிறது. அதனால் அவசரப்படாமல் டென்னிஸ் பந்தையே தொடரலாம் என்று கோச்சும் நானும் பேசி வைத்திருக்கிறோம். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாக்களிடமும் சொல்லியிருக்கிறேன், அவள் பேட் பிடிக்கும்போது யாரும் எதுவும் கத்த வேண்டாம் என்று.