53 விநாடி

“சார், நீங்க எப்போ ஸ்டார்ட் பண்ணீங்க?”

கோல்ஃப் போட்டியில் 15ஆம் ஹோல் கிரீன் (குழி இருக்கும் புல்தரை) ஓரத்தில், கையில் பட்டரோடு (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) நின்று அந்தப் பையன் கேட்டது இவ்வளவுதான். 13 வயது. தாமதத்துக்காக ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, அதாவது ஸ்கோரில் ஓர் அடி கூடும் என்று நான் சொல்லி முடித்ததும் கேட்டான். குரலில் கோபம் இல்லை. “சரியாத்தான் ஸ்டார்ட் பண்ணேன், தம்பி” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்ப் பட் செய்தான்.

ஸ்டாப்வாட்சை எப்போது ஓடவிட்டேன் என்று கேட்ட பிள்ளைக்கு நான் எப்போது என்று சொல்லவில்லை. ஜூனியர் போட்டிகளில் ரெஃப்ரியாக நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. பெனால்டி கொடுத்து அழுத பிள்ளைகள் உண்டு, சண்டைக்கு வந்த பெற்றோர் உண்டு. அதெல்லாம் நாலு நாளில் மறந்துவிடும். இது போகவில்லை.

முறைப்படி நான் செய்ததில் குறை இல்லை என்றுதான் முதலில் எழுத வந்தேன். அவன் ஆடிய குரூப் முன்னால் போன குரூப்பை விட்டு ஒரு முழு ஹோல் பின்தங்கியிருந்தது. 12ஆம் ஹோலில் மூன்று பேரிடமும், இனி உங்களுக்கு நேரம் பார்க்கப்போகிறேன் என்று தெளிவாகச் சொன்னேன். எங்கள் போட்டி விதியில் ஒரு ஷாட்டுக்கு 40 விநாடி. கிரீனை நோக்கி அடிக்கும்போதும் பட் செய்யும்போதும் முதலில் ஆடுபவருக்கு மட்டும் 10 விநாடி கூடுதல். முதல் தடவை தாண்டினால் எச்சரிக்கை, அடுத்த தடவை ஒரு ஸ்ட்ரோக். 13ஆம் ஹோலில் அவன் இரண்டாவதாகப் பட் செய்தான், 47 விநாடி ஆனது. எச்சரித்தேன். 15ஆம் ஹோலில் கிரீனை நோக்கி அடித்த ஷாட்டுக்கு 53. அங்கே முதலில் ஆடியவன் அவன்தான். ஆகவே 50 வரை அவனுக்கு உரிமை உண்டு.

மூன்று விநாடி.

அந்த ஷாட்டை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவன் பந்தும் இன்னொரு பையன் பந்தும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் கிடந்தன. “நான் ரெடி, நான் ஆடுறேன்” என்றான். வரிசைக்குக் காத்திருக்காதே, தயாராக இருப்பவன் ஆடு என்று காலையில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தான். லேசரில் தூரம் பார்த்தான். ஒரு கிளப்பை எடுத்தான், கொடிக்கம்பைப் பார்த்தான், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தான். இரண்டு பயிற்சி ஸ்விங். அப்புறம் இடது கை க்ளவ்வின் பட்டையைப் பிரித்து ஒட்டினான். சர்ரென்று சத்தம். திரும்பவும் பிரித்து ஒட்டினான். பிறகுதான் அடித்தான். பந்து கொடிக்கு ஏழெட்டு அடி பக்கத்தில் போய் நின்றது.

க்ளவ் பட்டையை ஒரு தடவை பிரித்து ஒட்டியிருந்தால் பெனால்டியே இல்லை. ஆனால் அவன் கேட்டது முடிவைப் பற்றி அல்ல, ஆரம்பத்தைப் பற்றி. ஆடுபவரின் முறை வந்து, இடைஞ்சலோ கவனச் சிதறலோ இல்லாமல் ஆட முடிகிற கணத்திலிருந்துதான் நேரம் ஓட வேண்டும். அந்த இன்னொரு பையன் அப்போது தன் டிராலியை இழுத்துக்கொண்டு வலப்பக்கம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் நின்ற பிறகு நான் பட்டனை அழுத்தினேனா, நிற்பதற்கு முன்னாலா?

தெரியவில்லை. இடது கையில் வாக்கி டாக்கி இருந்தது. “15ல என்ன ஆச்சு, பின்னாடி ரெண்டு குரூப் நிக்குது” என்று கேட்டார்கள். “பார்த்துட்டு இருக்கேன்” என்று பதில் சொல்லும்போதே வலது கை கட்டைவிரல் அழுத்திவிட்டது. ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது என்பதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அழுத்திய கணம் நினைவில்லை. ஸ்கோர் கார்டு வாங்கும் இடத்தில் தலைமை ரெஃப்ரி, “ஏதாவது டவுட் இருக்கா?” என்று என்னிடம் கேட்டார். “இல்லை” என்றேன். பையனும் எதுவும் கிளப்பாமல் கையெழுத்துப் போட்டான்.

அந்த ஒரு ஸ்ட்ரோக் பரிசை மாற்றவில்லை. அதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன், சமாதானம் ஆகவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த குரூப் பின்தங்க அவன் காரணமே இல்லை. 10ஆம் ஹோலில் மூன்றாவது பையனின் பந்து புதருக்குள் போனது. அவன் புரொவிஷனல் பால் (முதல் பந்து தொலைந்தால் உதவும் என்று முன்கூட்டியே அடித்துவைக்கும் மாற்றுப் பந்து) அடிக்காமல் கிளம்பிவிட்டான். தேடுவதற்கு 2019இலிருந்து 3 நிமிடம்தான், அதற்கு முன்பு 5. மூன்று நிமிடமும் தேடிவிட்டு, டீ (ஹோலின் முதல் ஷாட் அடிக்கும் இடம்) வரை திரும்ப நடந்து அடித்துவிட்டு வந்தான். போன நேரம் அங்கே போனது. நேரம் பார்க்க ஆரம்பித்ததும் அந்த மூன்றாவது பையன் 20, 25 விநாடியில் டக்கென்று அடித்தான். குரூப் பின்தங்கினால் குரூப்பில் எல்லோருக்கும் நேரம் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. அதனால் தாமதம் பண்ணியவன் தப்பித்து, கூட நடந்தவன் மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. விதி தப்பு என்று சொல்லவில்லை. ஒருவனை மட்டும் குறிவைத்து நேரம் பார்த்தால் அது இதைவிட மோசமாகப் போகும்.

சரி, அதற்கும் முந்தைய காரணம் எங்களிடமே இருந்தது. எட்டு நிமிடத்துக்கு ஒரு குரூப் என்று அனுப்பினோம். மூன்று பிள்ளைகள் ஒரு நீளமான பார் 3 ஹோலை (மூன்று ஷாட்டில் முடிக்க வேண்டியது) முடித்து கிரீனை விட்டு இறங்க எட்டு நிமிடம் போதாது. ஆகவே அங்கே கூட்டம் சேரும், எவ்வளவு விரட்டினாலும் சேரும். பத்து நிமிடம் விட்டால் சரியாகும், ஆனால் இருட்டுவதற்குள் எல்லோரும் முடிக்க வேண்டுமென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். யாரை வேண்டாம் என்பது? அதை முடிவு செய்த கமிட்டிக் கூட்டத்தில் நானும் இருந்தேன், எட்டுக்குக் கை தூக்கினேன்.

கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸில், 2013இல், சீனாவின் குவான் தியான்லாங்குக்கு 14 வயதில் தாமத பெனால்டி விழுந்ததை எங்கள் ஆட்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ரவுண்டு, 17ஆம் ஹோல், ஒரு ஸ்ட்ரோக். அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தப் பிள்ளை முடிவை ஏற்றுக்கொண்டு ஆடி, இரண்டு ரவுண்டுக்குப் பிறகு பாதிப் பேரை வெளியேற்றும் ‘கட்’டையும் தாண்டினான். அவ்வளவு பெரிய மேடையில் ஒரு சிறுவனுக்கே சலுகை காட்டவில்லை, நாம் ஏன் தயங்க வேண்டும் என்பதற்கு அதை உதாரணமாகச் சொல்வோம். இப்போது அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே நேரம் பார்த்தவருக்கு எந்தக் கணத்தில் அழுத்தினோம் என்று தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த க்ளவ் பட்டை விஷயமும் அப்படித்தான். பதற்றம் வந்தால் நிதானமாக உன் பழைய வரிசையையே செய், அவசரப்படாதே என்றுதான் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல பாடம். நான் நேரம் பார்க்கிறேன் என்று சொன்னதும் அவனுக்குப் பதற்றம் வந்தது, கற்றதைச் செய்தான், இரண்டு தடவை செய்தான். அதற்காகப் பின்னால் காத்திருக்கும் ஆறு பிள்ளைகளின் உடம்பு ஆறிப்போக விடலாமா? விடக்கூடாது. மெதுவாக ஆடுவது பின்னால் நிற்பவர்களின் ஆட்டத்தைக் கெடுக்கும், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

இப்போதெல்லாம் நேரம் பார்க்கும்போது வாக்கி டாக்கியைத் தொடுவதில்லை. பட்டனையும் இரண்டு மூன்று விநாடி தள்ளித்தான் அழுத்துகிறேன். இது நியாயம்தானா என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. அதே நாளில் வேறொரு ரெஃப்ரியிடம் மாட்டும் பிள்ளைக்கு இந்த மூன்று விநாடி கிடைக்காது.

அடுத்த போட்டியின் டீ ஷீட்டில் (யார் எப்போது தொடங்குவது என்ற பட்டியல்) அவன் பெயர் இருக்கிறது. போன தடவை பயிற்சித் திடலில் பார்த்தபோது “குட் மார்னிங் சார்” என்று நின்று சொல்லிவிட்டுப் போனான். க்ளவ் பட்டையை அவன் இப்போது தொடுவதே இல்லை. ஒரு தடவைகூட. அவன் கேள்விக்கு ‘எனக்குத் தெரியலை, தம்பி’ என்ற பதிலை வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் சொன்னால் அவன் மனதைக் கலைத்துவிடுவேனோ என்று பயம். முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். போன தடவையும் அப்படித்தான் நினைத்தேன்.