கேஸ், கரண்ட் கம்பெனி மாற்றிய அனுபவம்

எங்கள் ஃபிக்ஸட் (யூனிட் விலை மாறாத) திட்டம் 2025 ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது, எதுவும் செய்யாவிட்டால் தானாக வேரியபிள் (ஏறி இறங்கும்) விலைக்குப் போய்விடும் என்று ஜூலையில் மின்னஞ்சல் வந்தது. பிரிட்டனுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பலர் இதைப் படித்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். ஊரில் மின்வாரியம் ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பார்கள், முதல் 100 யூனிட் போக மீதிக்குக் கட்டுவோம். யாரிடம் கரண்ட் வாங்குவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. இங்கே வயரும் குழாயும் மீட்டரும் இருந்தபடியே இருக்கும், பில் போடுகிற கம்பெனி மட்டும் மாறும். மாற்றுகிற அன்று கரண்ட் போகுமா என்று மாமியார் ஃபோனில் கவலைப்பட்டார். விளக்குகூட மினுக்காது.

ஃபிக்ஸட் திட்டத்திலிருந்து நடுவில் வெளியேறினால் எக்ஸிட் ஃபீ உண்டு. எங்களுடையதில் கேஸுக்கு 50 பவுண்ட், கரண்டுக்கு 50 பவுண்ட். ஆனால் திட்டம் முடிவதற்கு முந்தைய 49 நாட்களில் அதை வசூலிக்கக் கூடாது என்பது விதி. அந்த மின்னஞ்சல் அந்தச் சமயம் பார்த்து வருவது அதனால்தான். உடனே தேட ஆரம்பித்தேன்.

முதலில் ப்ரைஸ் கேப், அதாவது விலை உச்சவரம்பு. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதை அறிவிக்கிறது. அந்த ஜூலையில் 1,720 பவுண்ட். செய்தியில் கேட்டுவிட்டு, வருடத்துக்கு இதற்கு மேல் பில் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. தாராளமாக வரும். வரம்பு யூனிட் விலைக்கும், தினமும் கட்டும் நிலைக் கட்டணமான ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் செலவழிக்கும் வீடு டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில்) கட்டினால் ஆகிற கணக்குதான் 1,720. ப்ரெஷர் குக்கரும் கிரைண்டரும் ஓடுகிற நம் வீட்டுக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே சொந்தக் கணக்கு வேண்டும். பில்லில் கிலோவாட் மணி என்று இருப்பது ஊரில் நாம் சொல்லும் அதே யூனிட்தான். கேஸுக்கும் அதுவே அளவு. மீட்டர் கன மீட்டரில் ஓடும், ஒரு கன மீட்டர் சுமார் 11 யூனிட். பழைய மீட்டராக இருந்தால் கன அடியில் ஓடும், அதற்குக் கணக்கு வேறு. கம்பெனியே மாற்றிப் போட்டுவிடுவதால் நாம் பெருக்க வேண்டியதில்லை. ஒரு முழு வருடத்துக்கு எங்களுக்கு ஆனது கரண்ட் மூவாயிரத்தை ஒட்டி, கேஸ் ஒன்பதாயிரத்தை ஒட்டி. குளிர்கால பில் ஒன்றைப் பன்னிரண்டால் பெருக்கினால் தலை சுற்றும், கோடை பில்லைப் பெருக்கினால் ஏமாந்துபோவோம். வருடக் கணக்கே வேண்டும்.

இந்த இரண்டு எண்களும் கையில் வந்ததும் எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கரண்டில் யூனிட்டுக்கு ஒரு பென்ஸ் குறைந்தால் எங்களுக்கு வருடத்துக்கு 30 பவுண்ட் மிச்சம். கேஸில் அதே ஒரு பென்ஸ் குறைந்தால் 90 பவுண்ட். அப்போது கரண்ட் யூனிட் இருபத்தைந்து பென்ஸ் சொச்சம், கேஸ் ஆறு சொச்சம் என்பதால் கண் முதலில் கரண்ட் விலைக்குத்தான் போனது. கரண்டை மலிவாகக் காட்டிய ஒரு கம்பெனி, கேஸில் முக்கால் பென்ஸ் ஏற்றி வைத்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அது நஷ்டம். ஸ்டாண்டிங் சார்ஜ் ஒரு நாளைக்கு ஒரு பென்ஸ் கூடினால் வருடத்துக்கு மூன்றே முக்கால் பவுண்டுக்குள்தான், அதுவும் கேஸுக்குத் தனி, கரண்டுக்குத் தனி. எங்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை. தனியாக ஒரு சின்ன ஃபிளாட்டில் இருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஒப்பீட்டுத் தளங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிலவற்றில் முதலில் வருவது, அவர்கள் மூலமாகவே மாறக்கூடிய, அவர்களுக்குக் கமிஷன் வருகிற திட்டங்கள் மட்டும். எல்லாத் திட்டங்களையும் காட்டு என்று எங்கோ ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தியதும் பட்டியல் நீண்டது. 'நீங்கள் சேமிப்பது' என்று கொட்டை எழுத்தில் போடுவதையும், எதோடு ஒப்பிட்டு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத் தொகையை வைத்து முடிவெடுக்கவே கூடாது. டைரக்ட் டெபிட் என்பது கம்பெனி போடுகிற ஒரு மதிப்பீடு. அதைக் குறைத்துக் காட்டி, குளிர்காலம் முடிந்ததும் பாக்கி என்று ஏற்றுவது எளிது.

அரை மணிக்கு ஒரு முறை விலை மாறுகிற கரண்ட் திட்டமும் பார்த்தேன். ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அது இருக்கிறது. ஆனால் சாயங்காலம் 4 முதல் 7 வரைதான் அதில் விலை உச்சம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, ஓவன், வாஷிங் மெஷின், டிவி எல்லாம் ஓடுவதும் அப்போதுதான். இரவில் மின்சாரக் காரை சார்ஜ் செய்பவருக்கு ஒத்துவரலாம். நாங்கள் ஒரு வருட ஃபிக்ஸட் எடுத்தோம், கேப் விலையோடு பார்த்தால் சுமார் 150 பவுண்ட் குறைவு. பெயர் கேள்விப்படாத கம்பெனிதான். 2021, 2022இல் இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூழ்கியபோது வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு கம்பெனிகளுக்கு மாற்றியது, கணக்கில் இருந்த பணமும் காப்பாற்றப்பட்டது. அதனால் அந்த பயம் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு தரும் நட்சத்திர மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

விண்ணப்பம் பத்து நிமிட வேலை. ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும். முகவரியைத் தேர்ந்தெடுத்ததும் எம்பான் (MPAN) என்ற, உங்கள் கரண்ட் இணைப்பைக் குறிக்கும் 13 இலக்க எண் வரும், அது உங்கள் கரண்ட் பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு மீட்டரை மாற்றிவிட்ட கதைகள் உண்மையிலேயே உண்டு. வாடகை வீடானாலும், பில் நீங்கள் கட்டுவதாக இருந்தால் மாற்றலாம். மனம் மாறினால் ரத்து செய்ய 14 நாள் அவகாசம் உண்டு. மாற்றம் ஐந்து வேலை நாளில் முடிந்தது. பழைய கம்பெனியிடம் நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தலைவலி கடைசியில்தான் வந்தது. மாறுகிற அன்று காலையில் இரண்டு மீட்டரையும் ஃபோட்டோ எடுத்துப் புது கம்பெனிக்கு ரீடிங் கொடுத்திருந்தேன். பழைய கம்பெனியோ அதை விட்டுவிட்டு, கேஸுக்குத் தானாக ஒரு மதிப்பீடு போட்டு, உண்மைக்கு மேலே இறுதி பில் அனுப்பியது. பழையவரின் முடிவு ரீடிங்தான் புதியவரின் தொடக்க ரீடிங் என்பதால் இருவரிடமும் பேச வேண்டியிருந்தது. அவரைக் கேளுங்கள், இவரைக் கேளுங்கள் என்று பந்தாடினார்கள். ஃபோட்டோவை இணைத்து 'புகார்' என்ற தலைப்பில் மின்னஞ்சல் போட்ட பிறகு வேகம் பிடித்தது. எட்டு வாரத்தில் தீராவிட்டால் இப்படிப்பட்ட புகார்களைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம் என்பதை அதில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன்.

பில் திருத்தி வந்தது. கோடை முழுக்கக் கணக்கில் சேர்ந்திருந்த மிச்சப் பணத்தை இறுதி பில்லிலிருந்து பத்து வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தந்தார்கள். பழைய டைரக்ட் டெபிட்டை அதற்குப் பிறகுதான் வங்கியில் ரத்து செய்தேன்.