வலது இருக்கைக்கு ஒரு நேர்காணல்

மார்ச் 2

அழைப்பு வந்துவிட்டது. ஏடிஆர் 72 என்ற இரட்டை ப்ரொப்பெல்லர் விமானங்களை இயக்கும் ஒரு வட்டார நிறுவனம், துணை விமானி வேலை, அதாவது காக்பிட்டின் வலது இருக்கை. முதல் நாள் எழுத்துத் தேர்வும் குழுப் பயிற்சியும், மறுநாள் நேர்காணல், அதில் தேறினால் சிமுலேட்டர் என்று மின்னஞ்சலில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

கூடப் படித்தவர்களிடம் சொன்னதும் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஜெட் எதுவும் கிடைக்கலையா?" எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் ஏறாது. பெரிய ஜெட்டுகள் 35,000 அடிக்குப் போய்ப் பெரும்பாலான வானிலையைக் கீழே விட்டுவிடும். ஏடிஆரோ மேகத்துக்குள்ளேயே, இறக்கையில் பனி உறையும் உயரங்களிலேயே ஓட வேண்டியது. ஒரு மணி நேரத்தில் முடிகிற பயணங்கள், ஒரே நாளில் நான்கைந்து தரையிறக்கம், பல இடங்களில் குட்டையான ஓடுபாதை. புது விமானிக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. மனசைத் தேற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. இந்த வேலைதான் எனக்கு வேண்டும்.

மார்ச் 5

இன்று முழுக்க லாக்புக் (பறந்த நேரக் கணக்கேடு) வேலை. ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் அடுத்த பக்கத்தின் தொடக்கத்தோடு பொருந்துகிறதா, இரவுப் பறத்தல் தனியாக, கருவி வழிப் பறத்தல் தனியாக, கேப்டனாகப் பறந்த நேரம் தனியாக. பயிற்சியாளர் கையெழுத்து இல்லாத இடம் ஒன்றும் இல்லை. உரிமம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று (சர்வதேச விதிப்படி குறைந்தது 4ஆம் நிலை) எல்லாம் ஒரே கோப்பில். கேட்டால் தேடாமல் எடுத்துக் கொடுக்கணும்.

மார்ச் 8

டெக்னிக்கல் படிப்பு. இரண்டு விஷயத்தில் மட்டும் நின்றுவிட்டேன்: பனி, ப்ரொப்பெல்லர்.

பனிக்கு 1994ஆம் ஆண்டு அக்டோபர் 31ஐப் படிக்காமல் ஏடிஆர் நேர்காணலுக்குப் போகக்கூடாது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ரோஸ்லான் அருகே, அமெரிக்கன் ஈகிள் 4184 என்ற ஏடிஆர் 72 தரையிறங்க முறை வராமல் காற்றிலேயே வட்டமிட்டுக் காத்திருந்தது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருக்கும் பெரிய நீர்த்துளிகள் இறக்கையில் பட்டு, இறக்கையின் முன்விளிம்பில் உப்பிப் பனியை உடைக்கும் ரப்பர் உறைகள் முடிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு வரப்பாக உறைந்தன. அந்த வரப்பு காற்றோட்டத்தைக் கெடுத்ததில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) தானாகவே இழுத்துக்கொண்டது. விமானம் புரண்டது. இருந்த 68 பேரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த உறைகளை இன்னும் பின்னால் வரை நீட்டினார்கள். இந்த மாதிரிப் பனியைப் பார்த்ததும் உடனே அங்கிருந்து வெளியேறு என்று நடைமுறையும் மாறியது.

அடுத்து ப்ரொப்பெல்லர். ஓடும் இன்ஜின் நின்றுவிட்டால், எதிர்க்காற்றில் வெறுமனே சுழலும் ப்ரொப்பெல்லர் பெரிய முட்டுக்கட்டை. அதனால் அதன் இலைகளைக் காற்றின் போக்குக்கு விளிம்பைக் காட்டும்படி திருப்பிவிட வேண்டும். இதுதான் ஃபெதர். டேக்-ஆஃபில் இதை இயந்திரமே செய்துகொள்ளும். அதற்கு ஆட்டோஃபெதர் என்று பெயர்.

2015 பிப்ரவரி 4, தைபே, டிரான்ஸ்ஏசியா 235, ஏடிஆர் 72-600. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இரண்டாவது இன்ஜினின் ப்ரொப்பெல்லர் ஒரு கோளாறால் தானாக ஃபெதர் ஆனது. ஒன்றாவது இன்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் அந்த நல்ல இன்ஜினைக் குறைத்து, பிறகு அணைத்தே விட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. ஒன்றாவது இன்ஜினைக் குறைக்கிறேன் என்று கேப்டன் சொன்னதும், பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் பொறுங்கள், சரிபார்ப்போம் என்கிறார். சரியான நேரத்தில் சொன்ன சரியான வார்த்தை. ஆனால் கை அதற்குள் போய்விட்டது.

எந்த இன்ஜின் என்று ஒருவர் சொல்லி, மற்றவர் பார்த்து உறுதி செய்த பிறகே லிவரை அசைக்கலாம் என்ற விதியை நூறு தடவை படித்திருக்கிறேன். அது யாருக்காக எழுதப்பட்டது என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் 11

மனக்கணக்கு. எப்போது இறங்க ஆரம்பிக்க வேண்டும்? குறைக்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கு. 17,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு என்றால் 14 ஆயிரம், 42 கடல் மைல். வேகத்தைக் குறைக்க இன்னும் சில மைல் சேர்த்துக்கொள். இறங்கும் விகிதம்? தரைவேகத்தை ஐந்தால் பெருக்கு: 240 நாட்டில் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) நிமிடத்துக்கு 1,200 அடி, 120 நாட்டில் 600 அடி. பக்கக்காற்று? ஓடுபாதையிலிருந்து 30 டிகிரி விலகி அடித்தால் பாதி, 60க்கு மேல் போனால் கிட்டத்தட்ட முழுசும்.

கம்ப்யூட்டர் இதையெல்லாம் போட்டுக் கொடுக்கும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தப்பான எண் போய்விட்டால் கண்டுபிடிக்கிறவனின் தலைக்குள் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கணும்.

மார்ச் 14

பயிற்சிப் பள்ளியில் எனக்கு முன்னால் படித்துப் போன அக்கா ஒருத்தி இப்போது ஏடிஆரில் துணை விமானி. வீடியோ அழைப்பில் மாதிரி நேர்காணல் நடத்தினாள். சுற்றி வளைக்காமல் நேராக ஆரம்பித்தாள். (விரெஃப் என்பது தரையிறங்கும்போது வைத்திருக்க வேண்டிய அடிப்படை வேகம்; கோ-அரவுண்ட் என்றால் இறங்காமல் திரும்ப மேலே ஏறுவது.)

"500 அடி. வானம் தெளிவு. கேப்டன் ஓட்டறார். வேகம் விரெஃப்புக்கு மேல 30 நாட். அவர் இறங்கப் பார்க்கிறார். நீ என்ன பண்ணுவே?"

"கோ-அரவுண்ட் சொல்வேன் அக்கா."

"அவர் பதில் சொல்லல."

"மறுபடி சொல்வேன், சத்தமா."

"அதுக்கும் பதில் இல்ல."

"'ஐ ஹேவ் கண்ட்ரோல்'னு சொல்லி நானே கோ-அரவுண்ட் பண்ணுவேன்."

"இதை இப்ப என்கிட்ட சொல்றது சுலபம். இருபது வருஷம் பறந்தவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது உன் வாயிலேருந்து இது வருமா? அவங்க பார்க்கப்போறது அதைத்தான்."

எண்கள் எல்லோருக்கும் தெரியும். மேகத்துக்குள் என்றால் 1,000 அடியிலும் தெளிவான வானத்தில் 500 அடியிலும் விமானம் நிலைப்பட்டிருக்க வேண்டும். வேகம் விரெஃப்புக்குக் கீழே போகக்கூடாது, 20 நாட்டுக்கு மேல் தாண்டக்கூடாது. இறக்கம் நிமிடத்துக்கு 1,000 அடிக்குள். சக்கரமும் ஃப்ளாப்பும் (இறக்கையின் பின்விளிம்புப் பலகை) இறங்கும் நிலையில். இதில் ஒன்று குறைந்தாலும் மேலே போ. இரண்டு முறை அழைத்தும் பதில் இல்லையென்றால் ஓட்டுகிறவர் செயலிழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்.

அழைப்பு முடிந்ததும் 1978 டிசம்பர் 28, யுனைடெட் 173 விபத்தை எடுத்து வாசித்தேன். அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சக்கரக் கோளாறு ஒன்றைப் பார்த்துக்கொண்டே டிசி-8 வட்டமடித்தது. எரிபொருள் குறைவதை மற்ற இருவரும் பேச்சில் குறிப்பிட்டார்கள். ஆனால் கேப்டனின் கவனத்தைப் பிடித்துத் திருப்பும் அழுத்தம் அந்தப் பேச்சில் இல்லை. நான்கு இன்ஜினும் நின்று விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். கேப்டன்கள் மற்றவர் சொல்வதைக் கேட்கவும், மற்றவர்கள் துணிந்து சொல்லவும் பயிற்சி வேண்டும் என்று விசாரணை வாரியம் பரிந்துரைத்தது. இன்று சிஆர்எம் (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கும் பயிற்சி வளர்ந்தது இதற்குப் பிறகுதான். துணை விமானியை வாய் திறந்து பேச வைக்க ஒரு தொழிலே உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதியிருக்கிறது. அந்த இருக்கையை உதவியாள் வேலை என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மார்ச் 18

எழுத்துத் தேர்வு சுமாரான கடினம். வானிலை, செயல்திறன், கருவிகள். ஓடுபாதையில் தண்ணீர் நின்றால் எந்த வேகத்தில் டயர் மிதக்கும் என்று ஒரு கேள்வி. டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் போதும்: 100 பிஎஸ்ஐ என்றால் 90 நாட்.

குழுப் பயிற்சியில் ஒரு மேசையைச் சுற்றி எங்களை உட்கார வைத்தார்கள். போக வேண்டிய விமான நிலையம் மூடிவிட்டது, மூன்று மாற்று நிலையங்கள், ஒரு பயணிக்கு நெஞ்சுவலி, எரிபொருள் இவ்வளவு. முடிவெடுங்கள். சுவரோரம் இரண்டு பேர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் ஆரம்பத்திலேயே பேனாவைப் பிடித்துத் தன் முடிவைச் சொல்லி, கடைசி வரை அதற்காகவே வாதாடினான். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் பாதி நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இரண்டாவது நிலையத்துக்கு இரவில் விளக்கு இல்லைன்னு தாளோட பின்பக்கம் போட்டிருக்கு" என்றாள். தாளைத் திருப்பிப் பார்த்தது அவள் ஒருத்திதான். அந்தப் பையன் கேட்ட மாதிரி தெரியவில்லை. நான் பேச்சை நிறுத்தி, அவள் சொன்னதை இன்னொரு முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னேன். மூன்றாவது நிலையம் என்று முடிவானது.

மார்ச் 19

நேர்காணல். இரண்டு கேப்டன்கள், மனிதவளத்துறையிலிருந்து ஒரு மேடம்.

உட்கார்ந்ததும் ஒரு மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) தாளை நீட்டினார்கள். காற்று 240 டிகிரியிலிருந்து 18 நாட், 28 வரை வீச்சு, பார்வைத் தூரம் 3,000 மீட்டர், மழை, 800 அடியில் மேகம். "ஓடுபாதை 27. பக்கக்காற்று எவ்வளவு?" 30 டிகிரி வித்தியாசம், வீச்சையே கணக்கில் எடுத்தால் 14 நாட் என்றேன். "நிச்சயமா?" என்றார் மூத்த கேப்டன். மெட்டாரின் காற்று உண்மை வடக்கை வைத்தது, ஓடுபாதை எண் காந்த வடக்கை வைத்தது, ஆகவே அந்த இடத்தின் காந்த விலக்கம் தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும்; தரையிறங்கும்போது டவர் சொல்லும் காற்று காந்த வடக்கில் வரும், அதை வைத்து முடிவெடுப்பேன் என்றேன். அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு, அக்கா கேட்ட அந்தக் கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. "காலையில் கேப்டன்கிட்ட மது வாசனை வருது. பயணிகள் ஏறிட்டிருக்காங்க. என்ன செய்வீங்க?"

விமானம் நகராது, அது முதலில் என்றேன். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சார், வாசனை வருகிறது, இன்று உடல்நிலை சரியில்லை என்று நீங்களே விலகிக்கொள்ளுங்கள் என்பேன். மறுத்தால் பணியில் இருக்கும் மேலாளரைக் கூப்பிடுவேன். குடித்தபின் 8 மணி நேரம் என்று சில நாடுகளிலும் 12 என்று சில நாடுகளிலும் விதி இருக்கிறது; அவர் எந்த மணிக்கணக்கைச் சொன்னாலும் அதைத் தீர்ப்பது என் வேலை இல்லை, சோதனைக் கருவியின் வேலை.

"அவர் குடிக்கவே இல்லை, அது மருந்து வாசனைதான்னு தெரிய வந்தா? உங்களைப் பத்தி என்ன நினைப்பார்?" என்றார் மேடம்.

"கோபப்படுவார் மேடம். அதை நான் தாங்கிக்கணும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஜெட்டுக்காக ஏன் காத்திருக்கவில்லை என்பதும் வந்தது. 2ஆம் தேதி இங்கே எழுதியதையே சொன்னேன். சிமுலேட்டருக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 21

ஜோடியாகப் பறக்க வேண்டும். எனக்கு ஜோடி, அன்று தாளைத் திருப்பிப் பார்த்த அதே பெண். நிம்மதியாக இருந்தது.

முதலில் நான் ஓட்டினேன். 45 டிகிரி சாய்வில் திருப்பம், ஹோல்டிங் (ஓரிடத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பது), பிறகு ஆட்டோபைலட்டும் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டரும் இல்லாமல் ஐஎல்எஸ் (ரேடியோ சமிக்ஞையைப் பின்பற்றி ஓடுபாதைக்கு இறங்குவது). கடைசியாக டேக்-ஆஃப், வி1 (டேக்-ஆஃபைக் கைவிடக்கூடிய கடைசி வேகம்) தாண்டியதும் இடது இன்ஜின் போனது. மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது. வலது கால் ரட்டர் மிதியில் (மூக்கை இடவலமாகத் திருப்புவது) இறங்குகிறது, சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவுக்கு வரும் வரை. பாசிட்டிவ் க்ளைம்ப், கியர் அப் (ஏறுகிறது, சக்கரத்தை உள்ளே எடு). 400 அடி வரை ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் இல்லை. வலது கால் முட்டி நடுங்க ஆரம்பித்தபோது காலின் பாரத்தைக் குறைக்க ட்ரிம் வைத்தேன். அதன் பிறகு, "இன்ஜின் ஒன்று, உறுதிசெய்." அவள் விரல் லிவரின் மேல் வந்து நின்றது, பார்த்தாள், "இன்ஜின் ஒன்று, உறுதி." அதுவரை என் கை அசையவில்லை. தைபே மனதில் இருந்தது.

இடம் மாறி அவள் ஓட்டினாள். ஐஎல்எஸ்ஸில் வேகம் ஏறிக்கொண்டே போனது. "வேகம்" என்றேன். "கரெக்டிங்" என்றாள். 1,000 அடியில் விரெஃப்புக்கு மேல் 25 நாட். எங்களைச் சுற்றி மேகம். "அன்ஸ்டேபிள், கோ-அரவுண்ட்." ஒரு நொடி கூட யோசிக்காமல் பவரைத் தள்ளினாள். அவளுக்கும் இது தேர்வு. நான் சொன்னால் அவள் மதிப்பெண் குறையலாம் என்ற நினைப்பு எனக்கு வராமல் இல்லை; வாய் அதற்கு முன்னாலேயே திறந்துவிட்டது. வெளியே வந்ததும், "நல்லவேளை சொன்னே" என்றாள்.

மார்ச் 27

தகவல் இல்லை. தினமும் கொஞ்சம் மனக்கணக்கு.

ஏப்ரல் 3

தேர்வாகிவிட்டேன்! அவளும். அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி) வகுப்பு தொடங்குமுன் மருத்துவச் சான்றையும் பின்னணிச் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். இன்ஜின் தீ, புகை, கேபின் அழுத்தக் குறைவு ஆகியவற்றின் மெமரி ஐட்டம்களை (புத்தகம் பார்க்காமல் உடனே செய்ய வேண்டியவை) வகுப்புக்கு வரும்போதே மனப்பாடமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏடிஆர் காக்பிட்டின் முழு அளவுப் படத்தை அச்சடித்து நாற்காலிக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். நாளை அவள் வருகிறாள். ஒருவர் வாசிக்க மற்றவர் தொட்டுக் காட்டிப் பதில் சொல்வது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.